ஓய்வுக்காலக் குடும்பச் செலவை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது எப்படி?

பணியிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டில், அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கவலை தலைகாட்டுகிறது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு நிறையச் செலவாகிவிட்டது என்று கணவனும் மனைவியும் உணர்கிறார்கள். ஆனால் எதில் கூடியது, அது தொடருமா, வரும் வருமானம் அதற்கு ஈடுகொடுக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருப்பதில்லை. சம்பளம் வந்த காலத்தில் கூடுதல் செலவை அடுத்த ஊதிய உயர்வு மூடிவிடும் என்பதால் கணக்கில் கவனக்குறைவு இருந்தாலும் காலம் ஓடியது. ஓய்வூதியத்திலும் வைப்புநிதி வட்டியிலும் வாழத் தொடங்கிய பின் அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில், சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருவராக வாழும் ஓய்வூதியர்களை மனத்தில் கொண்டு, இரண்டு ஆண்டுகளின் செலவை எப்படிப் பிழையின்றி ஒப்பிடுவது என்பதை முதலிலிருந்து விளக்குகிறேன். ஒரு குறிப்பேடும் பேனாவும் கூட்டிக் கழிக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதற்படி: ஆண்டை வரையறுத்தல்

ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கும், வங்கி தரும் வட்டிச் சான்றிதழும் இந்த ஆண்டின்படியே அமைகின்றன. சொத்து வரியின் இரண்டு அரையாண்டுகளும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என இதற்குள் முழுமையாக அடங்குகின்றன. தீபாவளியும் பொங்கலும் ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒரு முறை மட்டுமே வருவதால், பண்டிகைச் செலவு ஓர் ஆண்டில் இரட்டிக்கவோ விடுபடவோ வழியில்லை.

அடுத்து, பணம் கையைவிட்டுப் போன நாளையே செலவு நாளாகக் கொள்வது என்று முடிவு செய்யுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எரித்த மின்சாரத்திற்கான பணத்தை ஏப்ரலில் கட்ட நேரலாம். அதை எந்த ஆண்டில் சேர்ப்பது என்று குழம்பத் தேவையில்லை. கட்டிய நாள் ஏப்ரலில் இருந்தால் புதிய ஆண்டில் சேருங்கள், அதே முறையை எல்லா ஆண்டுகளுக்கும் கடைப்பிடியுங்கள். ஆண்டுக்கு ஆறு மின் ரசீதுகள் கணக்கில் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ஐந்தோ ஏழோ இருந்தால் அப்போது சரிசெய்தால் போதும்.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டை ஒப்பீட்டின் அடிப்படையாகக் கொள்ளவே கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் கைக்கு வந்த அந்த ஆண்டில்தான் காசி யாத்திரை போகிறோம், சமையலறையைப் புதுப்பிக்கிறோம், பிள்ளைகளுக்கு ஏதாவது செய்கிறோம். போதாததற்கு, அந்த ஆண்டின் சில மாதங்கள் பணியில் இருந்த காலமாகவும் இருக்கும். நான் அந்த ஆண்டையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால், அதற்கடுத்த ஆண்டு செலவு குறைந்ததைச் சிக்கனத்தின் வெற்றி என்று நம்பினேன். மருந்துச் செலவு அதே ஆண்டில் ஏறத் தொடங்கியிருந்தது மொத்தத் தொகையில் மறைந்துபோய், இன்னும் ஓராண்டு கழித்தே என் கண்ணில் பட்டது. முழுதாகப் பன்னிரண்டு மாதங்கள் ஓய்வில் கழிந்த முதல் நிதியாண்டே உங்களுக்கு உண்மையான தொடக்கம்.

இரண்டாம் படி: விடுபடாமலும் இரட்டிக்காமலும் எழுதுதல்

வங்கிப் பாஸ்புக், கைப்பேசியில் உள்ள யுபிஐ பட்டியல், ரொக்கச் செலவுக் குறிப்பேடு ஆகிய மூன்றும் உங்கள் மூலங்கள். ஏடிஎம்மில் எடுத்த பத்தாயிரம் ரூபாயைச் செலவாக எழுதிவிட்டு, அந்தப் பணத்தில் வாங்கிய காய்கறியையும் மீன் வாங்கிய காசையும் மறுபடி செலவாக எழுதுவதே புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. எடுத்த பணம் செலவன்று. அது கைக்கு வந்த ரொக்கம் மட்டுமே. ரொக்கம் எதற்குப் போயிற்று என்பதைத்தான் எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை, பாஸ்புக்கில் தெரியாத செலவை விட்டுவிடுவது. ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் சந்தாவும், வருமான வரியும் பிடிக்கப்பட்ட பின்பே ஓய்வூதியம் கணக்கில் ஏறுகிறது. பிடித்தத்துக்கு முந்தைய தொகையை வருமானமாகவும், பிடித்தங்களைச் செலவாகவும் எழுதினால்தான், தனியார் காப்பீட்டுக்குக் கைப்பணம் கட்டும் ஆண்டோடு அதை ஒப்பிட முடியும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகனும் மகளும் உங்கள் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்வதும், இணையத்தில் சத்துமாவும் ரத்த அழுத்தமானியும் வாங்கி அனுப்புவதும் இதே வகைதான். அவற்றுக்குத் தனியாக 'பிள்ளைகள் செலுத்தியது' என்று ஒரு பத்தி போட்டுத் தோராயத் தொகையையாவது எழுதுங்கள். அவர்களால் ஓர் ஆண்டு முடியாமற்போனால் அந்தச் சுமை எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

வைப்புநிதியில் போட்ட பணம், சீட்டுக்குக் கட்டிய தவணை, சேமிப்பாக வாங்கிய தங்கக் காசு ஆகியவை செலவில் சேரா. மருத்துவமனைச் செலவில் காப்பீட்டு நிறுவனம் ஏற்றது போக உங்கள் கையிலிருந்து போன தொகையை மட்டும் கணக்கில் எழுதி, மொத்தத் தொகையை ஓரத்தில் குறித்துவையுங்கள். பிப்ரவரியில் கட்டிய பணம் ஜூனில் திரும்பி வந்தால், பழைய ஆண்டின் கணக்கைத் திறந்து அந்தச் செலவையே குறைப்பது நல்லது. புதிய ஆண்டின் வரவாக அதை எழுதினால் இரண்டு ஆண்டுகளும் பொய் சொல்லும்.

மொய்க்கு மட்டும் தனி வரி ஒதுக்குங்கள். நம் ஊர்களில் மொய் நோட்டு வைக்கும் பழக்கம் இருப்பதால், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் அநேகமாக ஒன்றும் இராது; ஆவணியிலும் தை, மாசியிலும் ஒரே வாரத்தில் நான்கு பத்திரிகைகள் வரும். மாதக் கணக்கை மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பதற்றம் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் படி: செலவை மூன்றாகப் பிரித்தல்

இந்தப் படிதான் முழு வேலைக்கும் உயிர்நாடி. ஆண்டு முழுவதும் எழுதிய செலவுகளை, ஆண்டுதோறும் கட்டாயம் வருபவை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிச்சயமாக வருபவை, இந்த ஆண்டோடு முடிந்துபோனவை என்று மூன்றாகப் பிரியுங்கள். கற்பனையான ஒரு குடும்பத்தை வைத்து இதைக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

திருச்சியில் சொந்த வீட்டில் வாழும் தம்பதியின் செலவு 2023-24 ஆம் ஆண்டில் 4,92,000 ரூபாய், 2024-25 ஆம் ஆண்டில் 6,39,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 1,47,000 ரூபாய். ஏறத்தாழ 30 விழுக்காடு. இந்த எண்ணைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் பிரித்துப் பார்த்தால், முதல் ஆண்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 17,000 ரூபாயும் பல் சிகிச்சைக்கு 25,000 ரூபாயும் என 42,000 ரூபாய் வழக்கமல்லாத செலவு. இரண்டாம் ஆண்டில் மொட்டைமாடியின் நீர்க்கசிவைச் சரிசெய்ய 78,000, பேரனின் காதணி விழாவுக்கு 45,000, கண்புரை அறுவைச் சிகிச்சையில் காப்பீடு போகக் கைப்பணம் 30,000 என 1,53,000 ரூபாய். இவற்றை நீக்கினால் வழக்கமான செலவு 4,50,000 ரூபாயிலிருந்து 4,86,000 ரூபாயாக, அதாவது 8 விழுக்காடு உயர்ந்திருக்கிறது.

பெரும்பாலோர் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள். மொட்டைமாடிக்குப் போன 78,000 ரூபாய் மனத்தை உறுத்தினாலும் அது போனது போனதுதான், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கேட்காது. வழக்கமான செலவில் கூடிய 36,000 ரூபாயோ அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தன் மேல் இன்னொரு 8 விழுக்காட்டை ஏற்றிக்கொண்டு வரும். ஆண்டுக்கு 8 விழுக்காடு உயரும் செலவு ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகும் என்பதை நினைத்தால், கவலைக்குரியது எது என்பது விளங்கும். அறுபதில் ஓய்வு பெற்றவர் அறுபத்தொன்பதில் அதே வாழ்க்கையை வாழ இரண்டு மடங்கு பணம் வேண்டியிருக்கும்.

ஆகவே 36,000 ரூபாயை உடைத்துப் பார்க்க வேண்டும். நம் தம்பதியின் உணவு, மளிகைச் செலவு 1,56,000 ரூபாயிலிருந்து 1,64,000 ஆயிற்று. மருந்தும் மருத்துவர் கட்டணமும் 66,000 ரூபாயிலிருந்து 78,000. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 48,000 ரூபாயிலிருந்து 56,000. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் 30,000 ரூபாயிலிருந்து 36,000. மற்றவை எல்லாம் சேர்ந்து 1,50,000 ரூபாயிலிருந்து 1,52,000. காய்கறி விலையைப் பற்றியே நாள்தோறும் பேசியிருப்பார்கள். ஆனால் கூடிய 36,000 ரூபாயில் 26,000 ரூபாய் மருந்து, காப்பீடு, வீட்டு உதவி ஆகிய மூன்றில்தான் போயிருக்கிறது. வீட்டு உதவிக்குக் கூட்டிக் கொடுத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. வயது ஏற ஏற அந்த உதவி கூடுதலாகத் தேவைப்படும், அதற்குரிய ஊதியமும் நியாயமாகக் கொடுக்கப்பட வேண்டும். அதனால்தான் அதை முன்கூட்டியே கணக்கில் வைக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது வகையை, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவற்றை, எந்த ஆண்டில் வந்ததோ அந்த ஆண்டின் தலையில் முழுவதும் ஏற்றாமல் பங்கு பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வண்ணம் பூசுவது ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 90,000 ரூபாய் பிடிக்கும் என்றால் ஆண்டுப் பங்கு 15,000 ரூபாய். நான்கு ஆண்டு உழைக்கும் 17,000 ரூபாய் பேட்டரிக்கு 4,250 ரூபாய். நீரேற்றும் மோட்டார், குளிர்பதனப் பெட்டி, இருசக்கர வண்டி ஆகியவற்றுக்கும் இப்படியே கணக்கிட்டு, எல்லாப் பங்குகளின் கூட்டுத்தொகையையும் ஒவ்வோர் ஆண்டின் வழக்கமான செலவோடு சேருங்கள். மூன்றாண்டுப் பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டியிருந்தால் அதையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இவ்வாறு செய்த பிறகே 'நம் வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும்' என்று ஒரு தொகையைத் துணிந்து சொல்ல முடியும்.

நான்காம் படி: கூடியது விலையா, அளவா?

ஒரு வரியில் செலவு கூடியிருந்தால், அதே பொருளின் விலை ஏறியதா, நாம் வாங்கும் அளவு ஏறியதா என்று பிரித்தறிய வேண்டும். மின்சாரத்தில் இது எளிது, ஏனெனில் ரசீதிலேயே யூனிட் கணக்கு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் மாற்றப்பட்டபோது, இரண்டு மாதங்களில் 500 யூனிட் எரிக்கும் வீட்டின் கட்டணம் 1,130 ரூபாயிலிருந்து 1,725 ரூபாயாயிற்று. அந்த ஆண்டில் எவ்வளவு சிக்கனமாக விசிறியை அணைத்தவருக்கும் தொகை கூடியே இருக்கும்; அது விலையின் வேலை. அதே கட்டண அமைப்பில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு, 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் குறைந்த விலை கிடைக்காமற்போய், தாண்டிய யூனிட்டுகளின் விலை போக ஏறத்தாழ 225 ரூபாய் கூடியது. அது அளவின் வேலை. கோடையில் குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பதால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை யூனிட் எண்ணைக் குறித்துவைத்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

மருந்தில் இந்தப் பிரிவினை இன்னும் முக்கியம். மாதத்துக்கு எத்தனை மாத்திரை, ஒரு மாத்திரைக்கு என்ன விலை என்று இரண்டு எண்களாக எழுதுங்கள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளின் அதிகபட்ச விலையைக்கூட ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த 2013 ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை இடம் தருவதில்லை. ஆகவே உங்கள் மருந்துச் செலவு 18 விழுக்காடு உயர்ந்திருந்தால், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்திருக்கிறது, அல்லது மருந்தின் வலிமை கூட்டப்பட்டிருக்கிறது, அல்லது விலை அதிகமான வேறொரு நிறுவனத்தின் மருந்துக்கு மாறியிருக்கிறீர்கள் என்றே பெரும்பாலும் பொருள். முதல் இரண்டும் மருத்துவரின் முடிவு. அவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மூன்றாவதாக இருந்தால், அதே மூலக்கூறு, அதாவது அதே வேலை செய்யும் மருந்துப்பொருள், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலோ, 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம்.

காப்பீட்டுப் பிரீமியத்தை ஒப்பிடும்போது வரியைத் தனியே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 விழுக்காடு இருந்தது. மேலே சொன்ன 56,000 ரூபாயில் 8,500 ரூபாய்க்குச் சற்று மேல் வரி. அடுத்த ஆண்டு அதே தம்பதி 52,000 ரூபாய் கட்டினால் பிரீமியம் குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வரியில்லாத அடிப்படைப் பிரீமியம் ஏறத்தாழ 47,500 ரூபாயிலிருந்து 52,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதற்கு முன் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருப்பதையும் நினைவில் வைத்து, உங்கள் உயர்வு அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: விலைவாசிக் குறியீட்டையும் அயல்வீட்டையும் எவ்வளவு நம்பலாம்?

நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி சராசரி விலையேற்றம் 2022-23 இல் 6.7 விழுக்காடு, 2023-24 இல் 5.4 விழுக்காடு, 2024-25 இல் 4.6 விழுக்காடு. நம் தம்பதியின் 4,50,000 ரூபாய் இந்தக் குறியீட்டின்படி மட்டும் உயர்ந்திருந்தால் 20,700 ரூபாய்தான் கூடியிருக்கும். மீதி 15,300 ரூபாய்க்கு அவர்கள் ஊதாரிகள் என்பது காரணமன்று. 2012 ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அந்தக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 விழுக்காடு எடை, அதாவது பங்கு, இருந்தது; மருத்துவத்துக்கு 5.89 விழுக்காடு மட்டுமே. நம் தம்பதியின் செலவிலோ மருந்தும் காப்பீடும் சேர்ந்து 27 விழுக்காட்டுக்கு மேல். காய்கறி மலிந்த ஆண்டில் நாட்டின் குறியீடு இறங்கலாம், அறுபதைக் கடந்தவர் வீட்டின் விலையேற்றம் இறங்காமலே இருக்கலாம். உங்கள் வீட்டின் விலையேற்றத்தை உங்கள் குறிப்பேட்டிலிருந்தே கண்டறியுங்கள்.

அயல்வீட்டோடு ஒப்பிடுவதைப் பற்றி ஒரு சொல். 2022-23 ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310 ரூபாய். நகரத்தில் இருவருக்கு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,83,120 ரூபாய் வருகிறது. இது குழந்தைகளையும் இளைஞர்களையும் உள்ளடக்கிய எல்லா வயதினரின் சராசரி. நான்கைந்து பேர் ஒரே அடுப்பையும் ஒரே விளக்கையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளும் இதில் அடக்கம். இருவர் மட்டும் வாழும் வீட்டில் ஆள் ஒருவருக்கான செலவு கூடுதலாகவே இருக்கும் என்பதால், இந்த எண்ணை வைத்து உங்களை நீங்களே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டாம். நண்பர் ஒருவரோடு ஒப்பிட விரும்பினால், வாடகை, மருத்துவம், பிள்ளைகளுக்குச் செய்தது ஆகிய மூன்றையும் இருவரும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: செலவை வருமானத்தின் எதிரே வைத்தல்

வருமானத்திலும் விலைவாசியோடு சேர்ந்து ஏறுவது எது, ஏறாமல் நிற்பது எது என்று பிரிக்க வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அகவிலைப்படி உயர்வு கணக்கிடப்படுகிறது. வருங்கால வைப்புநிதி அமைப்பின் ஓய்வூதியம் பெறும் தனியார் துறை ஊழியர்களுக்கு அகவிலைப்படி கிடையாது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் ரூபாயை 8.2 விழுக்காட்டில் போட்டவருக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். ஐந்து ஆண்டுகளுக்கும் அதே தொகைதான் வரும். ஏறாத வருமானத்தை நம்பி ஏறும் செலவை வைத்திருப்பவர், முதல் சில ஆண்டுகளில் மிஞ்சும் பணத்தைச் செலவழிக்காமல் திருப்பிச் சேமிக்க வேண்டியது கட்டாயம்.

கடைசியாக, யாரும் எழுத விரும்பாத ஒரு பக்கத்தையும் எழுதிவிடுங்கள். இருவரில் ஒருவர் மட்டும் இருக்கும் காலத்தின் ஆண்டுச் செலவு அது. பாதியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சொத்து வரியும் வீட்டுப் பராமரிப்பும் வேலைக்கு வருபவரின் சம்பளமும் ஒருவருக்காகக் குறைவதில்லை. நம் தம்பதியின் 4,86,000 ரூபாயை வரிவரியாகத் திரும்பக் கணக்கிட்டால், உணவுக்கு 1,00,000, மருந்துக்கு 40,000, பிரீமியத்துக்கு 30,000, வீட்டு உதவிக்கு அதே 36,000, மற்றவற்றுக்கு 1,30,000 என 3,36,000 ரூபாய் வருகிறது. பழைய செலவில் 69 விழுக்காடு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு, வழக்கமான குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. அதாவது வருமானம் 60 விழுக்காடாகச் சுருங்குகிறது. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகத் தொகுத்துப் பெற்றவர்களுக்கு, அதற்கான பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் இராது என்பதால் இடைவெளி சற்றுக் குறையலாம். இந்தக் கணக்கைக் கணவர் மட்டும் போட்டு வைத்துக்கொள்ளாமல், மார்ச் கடைசி வாரத்தில் ஒருநாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். மனைவி தன் கைப்பட அந்தப் பக்கத்தை எழுதட்டும், எந்த வங்கியில் எந்த வைப்புநிதி எந்தத் தேதியில் முதிர்கிறது என்பதையும் அதன் கீழேயே குறித்துக்கொள்ளட்டும்.